வெயிலும் நம்பிக்கையும்: டெங்குவைத் தடுக்கும் கொசு நம் ஊருக்கு வருமா?

விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் அமாவாசை இரவு என்றால் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூரு என்று நாலா பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து நிற்கும். உற்சவம் பார்த்த சனம் கோயிலைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் டீ குடித்து பஸ் ஏறும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பகலில் கடிப்பது. விடிந்த பின் சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உகந்தவை. அதாவது, பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம்.

அந்தக் கொசு தன் ஆயுளில் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. ஊர் விட்டு ஊர் வைரஸைக் கொண்டுபோவது மனிதர்கள்தான். ரத்தத்தில் டெங்கு வைரஸ் உள்ள பக்தர் ஒருவரைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைத் தந்துவிடாது. குடித்த ரத்தத்தோடு வந்த வைரஸ் முதலில் கொசுவின் நடுக்குடல் செல்களில் நுழைந்து பெருக வேண்டும். குடலைத் தாண்டி உடலெங்கும் பரவ வேண்டும். கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர வேண்டும். இதற்கு எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்தப் பக்தர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார், காய்ச்சலும் தணிந்திருக்கும். கடிபட்டுப் படுக்கப் போவது மேல்மலையனூர்க்காரர்.

இந்தப் பத்து நாள் இடைவெளியில் கொசுவின் உடலுக்குள்ளேயே வைரஸை மறித்துவிட முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்று கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வேலையைச் செய்வது மருந்து அல்ல, கொசுவின் செல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. அதன் பெயர் வோல்பாக்கியா. இதில் இந்தியாவின் முக்கியமான ஆய்வு நடப்பதும் நமக்குத் தொலைவில் இல்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டருக்குள், புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில். வி.சி.ஆர்.சி. என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த பாக்டீரியா புதியதல்ல. 1924-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஹெர்டிக், பர்ட் வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் சூலகத்தில் இதைக் கண்டார்கள். 1936-இல் ஹெர்டிக் தன் சகாவின் பெயரையே அதற்கு வைத்தார். பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதியில் இது இயற்கையாகவே இருக்கிறது. பழ ஈயில் உண்டு, பட்டாம்பூச்சிகளில் உண்டு, நம் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவிலும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியிலோ இயற்கையில் இல்லை. இந்த இல்லாமைதான் ஆராய்ச்சியாளர்களுக்கு வாசல் திறந்துவிட்டது.

வோல்பாக்கியா தாய்வழிச் சொத்து. முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும், தந்தையிடமிருந்து வராது. அப்படிப்பட்ட ஒரு நுண்ணுயிர் பிழைத்துப் பரவ வேண்டுமானால், தன்னைச் சுமக்கும் பெண்கொசு மற்றப் பெண்களைவிட அதிகம் பெற்றெடுக்க வேண்டும். அதற்கு அது ஒரு வழி வைத்திருக்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். பொரித்த புழுக்கள் எல்லாவற்றிலும் பாக்டீரியா இருக்கும். ஆக, ஒரு பகுதியின் கொசுக்களில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் இது ஏறிவிட்டால், பிறகு மனித உதவியின்றித் தானே பரவி நிலைத்துவிடும்.

இந்தப் பொரியாத முட்டையின் பயனை முதலில் களத்தில் காட்டியவர் ஜெர்மானியரான ஹன்னெஸ் லாவன். 1967-இல் பர்மாவின் ரங்கூனுக்கு அருகே ஒக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத ஆண்கொசுக்களை நாள்தோறும் விட்டு, யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸைச் சில மாதங்களில் ஒடுக்கினார். அது பாக்டீரியாவின் வேலை என்று அப்போது அவருக்குத் தெரியாது. 1971-இல் யென், பார் என்ற இருவர் கொசுவுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து பாக்டீரியாவை அகற்றிப் பார்த்தபோதுதான் அது உறுதியானது.

ஒக்போவின் வெற்றி இந்தியாவுக்கு வந்த கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து டெல்லியில் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்கென ஓர் ஆய்வுப் பிரிவை நடத்தின. அமெரிக்கப் பணம் அதில் இருந்தது. டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மலடாக்கிய ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை விட்டார்கள். அடுத்து ஹரியானாவின் சோனிபட் நகரில் ஏடிஸ் எஜிப்தியை விடத் திட்டம். அதற்குள் பத்திரிகைகளில் கேள்விகள் கிளம்பின. கொசுவை மலடாக்கும் ரசாயனம் தண்ணீரில் கலந்ததா? மஞ்சள் காய்ச்சலைக் கடத்தும் அதே ஏடிஸ் கொசுவை இங்கே விட ஏன் இத்தனை ஆர்வம்? திரட்டும் தகவல் உயிரியல் போருக்குப் பயன்படுமா? நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 1975-இல் கடுமையான அறிக்கை தந்தது. சோனிபட் திட்டம் நின்றது. ஆய்வுப் பிரிவும் அதே ஆண்டு மூடப்பட்டது.

குற்றச்சாட்டுகளில் பல அறிவியல் அடிப்படை இல்லாதவை என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் கேள்வி கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் கிராமத்தில் எதற்காகக் கொசு விடப்படுகிறது என்பதை, விடுவதற்கு முன்பே, தங்கள் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த மக்களுக்குக் கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கக்கூடும். அதே 1975-இல்தான் புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. தொடங்கப்பட்டது.

முட்டையைப் பொரிக்கவிடாத பாக்டீரியா வைரஸையும் தடுக்கும் என்பது 2008-இல் வெளிப்பட்டது. போர்ச்சுகலைச் சேர்ந்த லூயிஸ் தெய்ஷெய்ரா உள்ளிட்டோர் ஒரு பக்கம், ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல், கேரின் ஜான்சன் குழுவினர் மறுபக்கம். வோல்பாக்கியா உள்ள பழ ஈக்களை ஆர்.என்.ஏ. வைரஸ்கள் அவ்வளவு எளிதில் கொல்வதில்லை என்று இரு தரப்பும் தனித்தனியே கண்டன. அதற்கு முன்பே, 2005-இல், ஆசியப் புலிக்கொசுவில் இருக்கும் வோல்பாக்கியாவை ஊசி வழியே ஏடிஸ் எஜிப்தி முட்டைக்குள் செலுத்தி நிலைக்கச் செய்திருந்தார் ஷியோங் ஷி. 2009-இல் ஓ'நீல் குழு, பழ ஈயின் வோல்பாக்கியாவைப் பெற்ற ஏடிஸ் கொசுவில் டெங்குவும் சிக்குன்குனியாவும் பெருகத் திணறுவதைக் காட்டியது. 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய யார்க்கீஸ் நாப், கார்டன்வேல் பகுதிகளில் கொசுக்கள் திறந்துவிடப்பட்டன. சில மாதங்களில் அங்கிருந்த ஏடிஸ் கொசுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே வோல்பாக்கியாவைச் சுமந்தன.

எப்படித் தடுக்கிறது? இதற்கு ஒற்றை விடை இன்னும் இல்லை, பல விடைகள் சேர்ந்தே வேலை செய்கின்றன. வைரஸ் தன்னை நகலெடுக்கக் கொசு செல்லின் கொழுப்பும் கொலஸ்ட்ராலும் வேண்டும். அதே பொருள்களை வோல்பாக்கியாவும் எடுத்துக்கொள்கிறது. புதிதாகக் குடியேறிய பாக்டீரியாவைக் கண்டு கொசுவின் எதிர்ப்பாற்றல் முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. வைரஸ் நுழையும்போது எதிர்ப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இதோடு பாக்டீரியாவின் அடர்த்தியும் முக்கியம். ஆசியப் புலிக்கொசுவில் வோல்பாக்கியா இயற்கையாகவே உண்டு. அப்படியிருந்தும் அது சிக்குன்குனியாவைப் பரப்புகிறது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததில் அங்கே பாக்டீரியா குறைந்த அடர்த்தியில் அடங்கிப்போயிருக்கிறது. வெறுமனே இருந்தால் போதாது, உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் நிறைந்து இருக்க வேண்டும். இந்தச் செய்தி பின்னால் வெயிலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இது மரபணு மாற்றப்பட்ட கொசு அல்ல. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. வோல்பாக்கியா பூச்சி, சிலவகைப் புழு போன்றவற்றின் செல்லுக்குள் மட்டுமே வாழக்கூடியது. கடிக்கும்போது உமிழ்நீரோடு மனிதருக்கு வருவதில்லை. நம் வீட்டுக் கியூலெக்ஸ் கொசுக்கள் காலங்காலமாக வோல்பாக்கியாவோடுதான் நம்மைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

பலனுக்கான வலுவான சான்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலிருந்து வந்தது. பேராசிரியை அதி உத்தாரினி தலைமையில் நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் வோல்பாக்கியா கொசுக்களை நிலைநிறுத்தினார்கள். 2021-இல் வெளியான முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர வேண்டிய அளவுக்குக் கடுமையான டெங்கு 86 சதவீதம் குறைவு. ஒப்பிட ஒரு தரப்பை வைத்துச் செய்த சோதனை என்பதால் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரேசிலின் நிதெரோய் நகரிலும் நல்ல பலன். பக்கத்திலேயே உள்ள ரியோவில் பலன் குறைவு. கொசு எல்லாப் பகுதியிலும் சீராக நிலைக்கவில்லை. இலங்கையில் 2017-இல் 1,86,101 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்ட பெருந்தொற்றுக்குப் பிறகு, 2020-இல் கொழும்பிலும் நுகேகொடையிலும் இந்தக் கொசுக்களை விட்டார்கள்.

சிங்கப்பூர் தேர்ந்தெடுத்தது வேறு வழி. ஈசூன், தெம்பனிஸ் வட்டாரங்களில் ஆண்கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண்கொசு கடிக்காது, அதோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது, கொசுவே குறைகிறது. அங்கே டெங்கு கிட்டத்தட்ட எழுபது சதவீத அளவுக்குக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. மக்கள் ஏற்றுக்கொள்ள எளிய வழி. ஆனால் வாராவாரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் பிழையின்றிப் பிரிக்கும் கூடமும், பணமும், ஓய்வில்லாத நிர்வாகமும் தேவை. செஞ்சி, திண்டிவனம் போன்ற ஊர்களுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் முடிவு. நமக்குப் பொருந்தினால் பொருந்துவது, ஒருமுறை நிலைத்தால் தானே தொடரும் யோக்யகர்த்தா வழிதான்.

இனி புதுச்சேரி. ஐ.சி.எம்.ஆரும் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகமும் 2017-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கிருந்து வோல்பாக்கியா ஏற்றப்பட்ட ஏடிஸ் முட்டைகள் வந்தன. வி.சி.ஆர்.சி. அவற்றைப் பொரிக்க வைத்து, பெண்களைப் புதுச்சேரியில் பிடித்த ஆண்கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்தது. பாக்டீரியா தாய்வழியே தொடரும்; மற்ற மரபெல்லாம் படிப்படியாக உள்ளூர்க் கொசுவுடையதாகிவிடும். இப்படி நான்கு ஆண்டு உழைப்பில் இரண்டு வகைகள் உருவாயின. ஒன்று பழ ஈயிலிருந்து வந்த டபிள்யூமெல் வோல்பாக்கியா உள்ளது, மற்றது புலிக்கொசுவிலிருந்து வந்த டபிள்யூஆல்ப்-பி உள்ளது. 2022 ஜூலையில் மையத்தின் அப்போதைய இயக்குநர் அஸ்வனி குமார் இதை அறிவித்தபோது, வெளியில் விட அரசின் பல துறை அனுமதிகள் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

உள்ளூர்க் கொசுவோடு கலந்தது வெறும் சடங்கு அல்ல. பிரேசிலில் ரியோவின் துபியாகாங்காவில் முதலில் விட்ட கொசுக்கள் நிலைக்காமல் போயின. காரணம், அவ்வூர்க் கொசுக்கள் வீட்டுப் பூச்சிக்கொல்லிக்குப் பழகிப்போயிருந்தன. ஆய்வகத்துக் கொசுக்கள் பழகவில்லை. மக்கள் வழக்கம்போல மருந்தடிக்க, வந்தவை மட்டும் செத்தன. எதிர்ப்பாற்றல் உள்ள உள்ளூர் மரபைச் சேர்த்து விட்ட பிறகுதான் நிலைத்தது. கொசுவத்தியும் திரவ மருந்தும் எரியாத வீடே இல்லாத நம் ஊரில் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

இரண்டு வகைகளில் எது நமக்கு? இங்கேதான் வெயில் வருகிறது. 2017-இல் பெரான் ராஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், புழுப்பருவத்தில் 26 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் கொசுக்களை வளர்த்தார். டபிள்யூமெல் அடர்த்தி சரிந்தது. அடுத்த தலைமுறைக்குப் போவதும் பெருமளவு நின்றது. டபிள்யூஆல்ப்-பி தாக்குப்பிடித்தது. வியட்நாமின் ஞா ட்ராங் அருகே ஒரு தீவில் கோடையில் டபிள்யூமெல் குறைந்துபோனது களத்திலேயே தெரிந்தது. புதுச்சேரிக் கொசுக்களை வைத்து வி.சி.ஆர்.சி. செய்த வெப்பச் சோதனையிலும் டபிள்யூஆல்ப்-பியே உறுதியானது. மலேசியாவில் கோலாலம்பூரைச் சுற்றி அந்த வகையைத்தான் விட்டார்கள். டெங்கு நாற்பது சதவீதம் குறைந்தது.

செஞ்சி வட்டாரத்தில் பாறைமலைகள் சூழ்ந்த ஊர்களில் அக்னி நட்சத்திர நாள்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஆனால் புழு வாழ்வது காற்றில் இல்லை, தண்ணீரில். வீட்டுப் பின்கட்டு நிழலில் இருக்கும் சிமெண்ட் தொட்டி நண்பகலிலும் சில்லென்றிருக்கும். அதே வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் நீல பிளாஸ்டிக் டிரம்மில் கை வைத்தால் சுடும். ஒரே தெருவில் ஒரு தொட்டி வோல்பாக்கியாவைக் காக்கும், இன்னொன்று அழிக்கும். ஆய்வகத்தின் சராசரி வெப்பத்தை மட்டும் பார்த்து எந்த வகை என்று முடிவெடுக்கக் கூடாது. எந்தக் கலத்தில், எந்த மாதத்தில், நண்பகலில் எத்தனை டிகிரி என்று கிராமத்தில் அளந்து பார்க்க வேண்டும். வெப்பமானியும் ஒரு நோட்டும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடக்கூடிய வேலை அது. என் கணிப்பு டபிள்யூஆல்ப்-பியின் பக்கம்.

வோல்பாக்கியா மட்டும்தான் வழி என்றும் இல்லை. 2024-இல் சீன ஆய்வாளர்கள், யுன்னான் மாகாணத்து ஏடிஸ் கொசுக்களின் குடலில் ரோசன்பெர்கியெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். அது சர்க்கரையை அமிலமாக மாற்றிக் குடலைப் புளிக்கவைக்கிறது. அந்தப் புளிப்பில் டெங்கு, ஜிகா வைரஸ்கள் செயலிழக்கின்றன. இது செல்லுக்குள் வாழ்வதல்ல, குடலில் குடியிருப்பது. தண்ணீரில் விட்டால் புழுவே விழுங்கிக்கொள்ளும். ஆனால் குடல் பாக்டீரியா எல்லாம் நமக்கு நண்பர்கள் அல்ல. செராஷியா மார்செசன்ஸ் என்பது குடலின் உட்பூச்சைச் சிதைத்து வைரஸுக்கு வழிவிடுகிறது. களத்துக்கு வர இந்தக் குடல் பாக்டீரியாக்களுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்துக்கு வோல்பாக்கியாவோடு இன்னொரு உறவும் உண்டு. யானைக்கால் நோய் தரும் ஃபைலேரியா புழுவின் உடலுக்குள்ளும் வோல்பாக்கியா வாழ்கிறது. அங்கே அது புழுவின் உயிர்த்துணை. டாக்சிசைக்ளின் கொடுத்து அதைக் கொன்றால் புழு மலடாகி மெல்ல அழிகிறது. முன்பு இந்த மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் வட்டாரத்தில் மதுரை ஆய்வாளர்கள் நெடுநாள் ஆய்வு செய்து, கூட்டாக மாத்திரை தருவதோடு கொசுவையும் கட்டுப்படுத்தினால் பலன் கூடும் என்று காட்டினார்கள். ஓர் உடலில் நமக்கு உதவும் நுண்ணுயிர் இன்னோர் உடலில் நோய்க்குத் துணை நிற்பதை இங்கே காணலாம்.

களத்தில் ஒரு சிக்கல் உண்டு. டெங்கு காலத்தில் நம் வீட்டு வாசலுக்கு வருபவர், வீடுவீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர். கையில் டார்ச், தோளில் பை. தொட்டியை எட்டிப் பார்த்து, புழு இருந்தால் கொட்டச் சொல்வார், புழுக்கொல்லியான அபேட் ஊற்றுவார், சுவரில் தேதி குறிப்பார். அனுபவப்பட்டவர், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பார். ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியதாகக் கறுப்பாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால்தான் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல்வார். யோக்யகர்த்தா வழியிலோ முட்டை ஒட்டிய தாளும் சிறிது மீன் தீவனமும் போட்ட மூடிய வாளியை வீட்டோரம் இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்வார்கள். கொசுவை ஒழி என்று இத்தனை ஆண்டு சொன்ன அதே மனிதர், கொசு வாளியோடு வந்து நின்றால் வீட்டுக்கார அம்மா என்ன நினைப்பார்? வாளிக்குள் அபேட் ஊற்றினால் வேலை கெட்டது. தொட்டியைத் தேய்ப்பதை விட்டுவிட்டாலும் கெட்டது, ஏனெனில் பழைய கொசுவும் சேர்ந்து பெருகும். சில மாதங்களுக்குக் கடிகூடக் கொஞ்சம் அதிகமாகலாம். இதையெல்லாம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவரும் அந்த டி.பி.சி. பணியாளரே. தற்காலிக வேலையில், தினக்கூலியில் இருக்கும் அவருக்குப் பயிற்சியும் மதிப்பான ஊதியமும் இல்லாமல் இந்தத் திட்டம் எந்தத் தெருவிலும் நிலைக்காது.

வோல்பாக்கியா கொசு கடிக்கத்தான் செய்யும். நெல்வயல் கியூலெக்ஸ் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும், மலேரியாவுக்கும் இந்தத் திட்டத்தால் பயனில்லை. இது டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகியவற்றுக்கான கருவி. ஆனால் 2017 ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில் 23,294 பேரைப் படுக்க வைத்து, 65 உயிர்களைக் கொண்டுபோன நோய் டெங்கு. புகையடிப்பதையும் அபேட்டையும் மட்டுமே நம்பி இனியும் காலம் தள்ளுவது சரியல்ல. ஆய்வகத்துக்குள் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைப் புதுச்சேரி முடித்திருக்கிறது. அடுத்தது, ஒப்பிட ஒரு தரப்பை வைத்து, முடிவை மறைக்காமல் வெளியிடும் களச்சோதனை. விழுப்புரம் மாவட்டத்தில் அது நடக்குமானால், முதல் கூட்டம் கலெக்டர் அலுவலகத்தில் அல்ல, கிராம சபையில் நடக்கட்டும். எந்த வகை, ஏன் அந்த வகை, ஏதாவது தவறினால் யார் பொறுப்பு என்று தமிழில் எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்து, ஊர் சம்மதித்த பிறகு முதல் வாளியை வைக்கட்டும். அந்த நாள் வரும்வரை வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவைத்துத் தேய்ப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.